தண்ணீர் இறங்கும் நேரம்

மீன் காட்சியகத்தில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். நேரில் ஸ்கேல் அக்கா. பின்னால் வெறும் ஸ்கேல்.

காரணம் பம்ப் அறைச் சுவரில் இருந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பதிவுக் கருவி. காகிதச் சுருள் மெதுவாக நகரும். அதன்மேல் மூன்று பேனாக்கள் தண்ணீரின் மட்டத்தையும் சூட்டையும் உப்பையும் வரையும். அவள் வேலைக்கு வந்ததிலிருந்து எல்லாம் நேர்கோடு. புதிதாக வருபவர்களுக்குப் பழைய சுருளைத் தரையில் விரித்துக் காட்டுவாள். ஸ்கேல் வைத்தாலும் இப்படி வராது என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

முன்பு அவள் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அறுவை அறைகளின் காற்றும் நீரும் அவள் பொறுப்பு. அங்கே கோடு துள்ளினால் மேஜைமேல் ஓர் ஆள் படுத்திருப்பார். அசையாமல் வைத்திருப்பதுதான் வேலை என்பதை அங்கே கற்றாள். இங்கேயும் அது பலித்தது. பவளத் தொட்டியில் மீன்கள் முட்டையிட்டன. குளிர்நீர்த் தொட்டியில் எதுவும் சாகவில்லை.

கழிமுகத் தொட்டியிலும் எதுவும் சாகவில்லை. ஆனால் எதுவும் நடக்கவும் இல்லை.

அந்தத் தொட்டி அவளுடைய கொழுந்தனின் பொறுப்பு. கணவனின் தம்பி. காட்சியகத்தில் அவன் நண்டுக்காரன். ஒரே வீடு, ஒரே ஸ்கூட்டர். ஓட்டுவது அவள், பின்னால் அவன். காட்சியகம் தன் ஆட்களை இரண்டாகப் பிரித்திருந்தது. உயிருள்ளவற்றைப் பார்ப்பவர்களுக்கு நீலச் சட்டை. உயிரற்றவற்றைப் பார்ப்பவர்களுக்குச் சாம்பல் சட்டை. நீலச் சட்டைகளைப் பார்வையாளர்கள் போட்டோ எடுப்பார்கள்.

"உங்க டிபார்ட்மென்ட்ல உசிரே இல்லையே அண்ணி, எப்படிப் பொழுது போகுது?" என்பான் சிக்னலில் நிற்கும்போது.

"என் தண்ணிய ஒரு மணி நேரம் நிறுத்திப் பாக்கறேன். அப்புறம் உன் டிபார்ட்மென்ட்ல எவ்வளவு உசிரு இருக்குன்னு எண்ணிச் சொல்லு."

கழிமுகத் தொட்டி தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தின் சேறு, சில அலையாத்திக் கன்றுகள், நண்டுகள். இந்த நண்டில் ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் ஏறக்குறைய உடம்பளவு பெரிது. மற்றது சின்னது. சேற்றின்மேல் எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நின்றது. சேறு அசிங்கமாகத் தெரிகிறது, நாறுகிறது என்று திறப்பு விழாவில் யாரோ சொன்னதால் வைத்த மட்டம் அது. கண்ணாடியில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டிலேயே அவள் அதை நிறுத்தியிருந்தாள். மூலையில் கையகலத்துக்கு ஒரு மேடு. நண்டுகள் எல்லாம் அதன்மேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பஸ் வராத நிறுத்தத்தில் ஆட்கள் நிற்பது போல.

பார்வையாளர்கள் பார்ப்பார்கள். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள். போய்விடுவார்கள்.

"நாலு கல்ல வச்சா தீனியாவது மிச்சம்," என்றார் மேலாளர்.

அவர் கெட்டவர் இல்லை. காட்சியகம் மூடாமல் இருக்கவேண்டும் என்பது அவர் கவலை. அந்த இடத்தில் பொம்மைக் கடை வைக்கலாம் என்று நிர்வாக சபைக்கு எழுதியிருந்தார். சபைத் தலைவர் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார். தொட்டி போனால் நண்டுக்காரனுக்கு டிக்கெட் கவுண்டர். மேலாளர் அதையும் அவனிடம் சொல்லிவிட்டார்.

அவன் வீட்டில் அதைச் சொன்னபோது அவளுடைய கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். கீழே அவனுடைய தையல் கடை, மேலே வீடு. சாப்பிடும்போதும் அளவு நாடா கழுத்தில் கிடக்கும்.

"டிக்கெட் கவுண்டருக்கும் சட்டை நீலமா?"

"காக்கி."

"காக்கி உனக்கு எடுக்காதுடா."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"நண்டுக்கு என்ன குறை?" என்று அவள் கேட்டாள். "தண்ணி சுத்தம். உப்பு சரியா இருக்கு. சூடு ஒரு புள்ளி நகரல."

"குறை ஒண்ணும் இல்ல அண்ணி," என்றான் அவன். சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனான்.

*

காட்சியகத்துக்கு வார விடுமுறை நாள். அவள் வடிகட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழிமுகத் தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்து மூடினாள். அது மூடவில்லை. வாஷரில் ஒரு சிப்பித் துண்டு சிக்கியிருந்தது. இன்னும் இறுக்கினாள். மறை சுற்றியது, பிடிக்கவில்லை. சுவரில் மட்டத்தின் பேனா கீழே இறங்கத் தொடங்கியது.

அந்தச் சத்தம் அவளுக்குப் புதிது. காகிதத்தில் பேனா குறுக்கே கீறும் சத்தம்.

ஸ்பானரோடு மாடிப்படியில் ஓடினாள். மேலே நிரப்பும் குழாயைத் திறந்துவிட்டால் மட்டம் பிடிபடும். தொட்டிக்கு வந்தபோது தண்ணீர் வடிந்து போயிருந்தது. சேறு வெளியே தெரிந்தது. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் சூட்டில் சேற்றிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் அடித்தது.

குழாயின் கைப்பிடியில் கை வைத்தாள்.

மேட்டிலிருந்து ஒரு நண்டு இறங்கியது. பிறகு ஒன்று. பிறகு எல்லாம். ஈரச் சேற்றில் பரவின. சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்தன, சின்னச் சின்ன உருண்டைகளாகத் துப்பின. இதுவரை அவை தானாக எதையும் எடுத்துத் தின்று அவள் பார்த்ததில்லை. கொழுந்தன் இடுக்கியால் ஊட்டுவான்.

பெரிய கொடுக்குள்ள ஒன்று சேற்றின் நடுவில் நின்றது. கொடுக்கைத் தூக்கியது. இறக்கியது. மறுபடி தூக்கியது.

வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தாள். போனை எடுத்தாள்.

"தம்பி, உன் நண்டு கையைத் தூக்குது."

"என்ன தூக்குது?"

"கையை. பெரிய கையை. தூக்கித் தூக்கி இறக்குது. செத்துடுமா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"தண்ணி எங்க இருக்கு அண்ணி?"

"போயிடுச்சு. வால்வு மாட்டிக்கிச்சு. இதோ நிரப்பிடறேன், நீ பயப்படாத."

"நிரப்பாதீங்க." குரல் மாறியிருந்தது. "கையெடுத்துக் கும்பிடறேன், நிரப்பாதீங்க. அது சாகல. பொண்ணைக் கூப்பிடுது."

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். கீழே அந்தக் கீறல் சத்தம் இன்னும் கேட்பது போல இருந்தது. திருப்பினால் பத்து நிமிடத்தில் கோடு பழைய இடத்துக்கு வந்துவிடும். சின்னப் பள்ளம். பாகங்கள் தேய்ந்ததால் என்று குறிப்பு எழுதலாம்.

இன்னொரு நண்டும் கொடுக்கைத் தூக்கியது.

அவள் கையை எடுத்தாள். தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு, கொழுந்தன் மூச்சிரைக்க ஓடிவரும்வரை அங்கேயே இருந்தாள்.

*

அன்று சாப்பாட்டின்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"தொட்டி கட்டும்போது நீ கேட்டியே, தண்ணி ஏறி இறங்கணும்னு."

"கேட்டேனா?"

"கேட்ட. என் தண்ணி ஏறி இறங்காது, அது என்ன லிஃப்டான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"நான்கூடச் சிரிச்சேன்," என்றான் அவன்.

"அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"உங்க கோட்டைப் பாத்தேன் அண்ணி. அதைப் போய் யாரு கலைக்கச் சொல்லுவாங்க?"

கணவன் இருவரையும் பார்த்தான். "நல்ல குடும்பம். ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்தே நண்டைக் கொல்லப் பாத்திருக்கீங்க."

அடுத்த விடுமுறையில் மூவரும் கழிமுகத்துக்குப் போனார்கள். அவள் வெப்பமானியும் உப்புமானியும் எடுத்துக்கொண்டாள். கணவன் குடை எடுத்துக்கொண்டான்.

காலையில் போனபோது தண்ணீர் கரைவரை நின்றது. ஒன்றும் இல்லை. பழுப்பு நீர், காற்று. பிறகு அது வற்றத் தொடங்கியது. அவசரமில்லாமல், யாரும் பிடித்து இழுக்காமல். சேறு ஓரத்திலிருந்து வெளிப்பட்டது. வெயில் ஏறியது. அவள் சேற்றில் வெப்பமானியைக் குத்தினாள். காலையில் பார்த்த அளவு இப்போது இல்லை. நண்பகலில் சேற்றின் மேல் கை வைக்க முடியவில்லை. விரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டால் குளிர்ந்தது. தேங்கிய குட்டையில் உப்பு ஏறிக்கொண்டே போனது. பிறகு கால்மணி நேரம் மழை கொட்டியது. அதே குட்டையில் உப்பு பாதியாக இறங்கியிருந்தது.

அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள்.

"இந்த இடத்துக்கு யாரு இன்சார்ஜ்?"

"ஏன் அண்ணி?"

"ஒரு அளவு ஒரு மணி நேரம் நிக்கல. சூடு இல்ல, உப்பு இல்ல, மட்டம் இல்ல. எங்கிட்ட வேலை பாத்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

கணவன் குடைக்குள்ளிருந்து கைநீட்டினான். மழை விட்ட சேற்றில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, நண்டுகள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கில். வெள்ளைக் கொடுக்குகள் ஏறின, இறங்கின.

பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் திரும்பியது. அது வந்து சேரும் முன்பே நண்டுகள் வளைக்குள் இறங்கி, உள்ளிருந்து சேற்றை இழுத்து வாசலை அடைத்துக்கொண்டன. ஒரு கை சேறு, அவ்வளவுதான் கதவு.

"தண்ணி வருதுன்னு அதுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். உடம்புக்குள்ள நேரம் ஓடும். நாளைக்கு முக்கால் மணி நேரம் போல தள்ளி வத்தும். அதுங்களும் முக்கால் மணி தள்ளித்தான் வெளிய வரும். நெலா பாத்துக்கும்."

திரும்பும் வழியில் அவள் வண்டி ஓட்டவில்லை. பின்னால் உட்கார்ந்து வந்தாள். யோசித்துக்கொண்டு வந்தாள்.

*

நிறுத்திவைக்கத் தெரிந்தவளுக்கு விடத் தெரியவில்லை. முதல் தடவை தண்ணீர் மிக வேகமாக இறங்கியது. சேறு சரிந்து வளைகள் மூடிப்போயின. வடிகாலைச் சின்னக் குழாயாக மாற்றினாள். இப்போது மிக மெதுவாக இறங்கியது. பாதி வற்றுவதற்குள் ஏறும் நேரம் வந்துவிட்டது. மூன்று அளவுக் குழாய்களை வெட்டிப் பார்த்தாள். முதலில் மாட்டிய, நாள்தோறும் ஒரே நேரத்துக்கு அடிக்கும் டைமரைக் கழற்றிப்போட்டு, முக்கால் மணி தள்ளித் தள்ளிப் போகும் ஒன்றை வாங்கிவரச் செய்தாள். கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். கடலுக்கு என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

விளக்கைச் சேறு தெரியும் நேரத்தில் கூட்டினாள். தொட்டிக்கு மேலே ஓட்டை போட்ட குழாய் ஒன்றைக் கட்டினாள். சில நாள் அதில் நல்ல தண்ணீர் விட்டாள். எந்த நாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"வெயில், மழை, கடல், மூணும் நீயேவா?" என்றான் கணவன். "கடவுளுக்கு என்ன, லீவா?"

"அவர்கிட்ட கத்துக்கிட்டு இருக்கேன்."

கொழுந்தன் ஒரு கண்ணாடிக் குச்சியைச் சேற்றில் சொருகிச் சொருகிப் பார்த்தான். நான்கு விரல் தண்ணீருக்கடியில் மூச்சு முட்டிக் கிடந்த சேறு, மேலிருந்து கீழ்வரை கறுப்பு. தண்ணீர் வடியும்போதெல்லாம் அதற்குள் காற்று இறங்கியது. கறுப்பு மெல்லக் கீழே போனது. மேலே பழுப்பு வந்தது. நாற்றம் விட்டது. பழுப்புச் சேற்றின்மேல் பச்சையாக ஒரு மினுமினுப்பு படர்ந்தது. அதைத்தான் நண்டுகள் கிள்ளித் தின்றன. அவன் இடுக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

பம்ப் அறையில் அவளுடைய உதவியாளர்கள் அந்தச் சுருளைப் பார்த்துச் சிரித்தார்கள். மலையும் பள்ளமுமாக ஓடியது.

"என்னக்கா, ஸ்கேல் வளைஞ்சு போச்சு?"

"வளைக்கிறதுக்கும் அளவு இருக்குடா. வந்து பாரு. எல்லா மலையும் ஒரே மாதிரியா இருக்குன்னு பாரு."

அவன் வந்து பார்த்தான். சிரிப்பை நிறுத்தினான்.

தொட்டி முன்னால் ஆட்கள் நின்றார்கள். சேறு தெரிகிற நேரத்தில் வந்தவர்கள் நகரவில்லை. மற்ற நேரத்தில் வந்தவர்கள் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு நுழைவாசலில் சண்டை போட்டார்கள். மேலாளருக்கு இரண்டும் வந்து சேர்ந்தன.

"நல்லா இருக்கும்மா. நான் இல்லேங்கல," என்றார். "ஆனா இது என்ன, நெனச்ச நேரத்துக்கு வர்ற விருந்தாளியா? தினம் பதினொரு மணிக்கு இறக்கேன்."

"தலைவர் வர்ற அன்னைக்குப் பதினொரு மணிக்குச் சேறு தெரியும் சார். எண்ணிப் பாத்துதான் ஆரம்பிச்சேன்."

அது உண்மை. அவள் நாளை எண்ணி, அங்கிருந்து பின்னால் வந்து, கடலை அந்தக் கணக்கில் ஓடவிட்டிருந்தாள்.

அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னதாக, மாலை நேரத்தில், மேலாளர் பம்ப் அறைக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம்.

"தலைவர் நாளைக்கே வர்றாங்க. அடுத்த வாரம் அவங்க ஊர்ல இல்ல. பதினொரு மணி."

அவள் டைமரைப் பார்த்தாள். பார்க்கவேண்டிய தேவை இல்லை. "நாளைக்கு அந்நேரம் தண்ணி நெறஞ்சிருக்கும். ஒன்றரைக்கு மேலதான் சேறு."

"இறக்கிடு. ஒருநாள்தானே."

"தண்ணிய இறக்கலாம் சார். நண்டை ஏத்த முடியாது. அது கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கிற நேரம். வெறும் சேத்தைத்தான் காட்டுவீங்க."

"வெறும் தண்ணியவிட வெறும் சேறு மேல்."

"எனக்கு அப்படித் தெரியல."

"உன் கொழுந்தன் வேலைம்மா அது," என்றார். "உன்னோடது இல்ல." படியேறிப் போனார்.

*

வீட்டில் கொழுந்தன் சாப்பிடவில்லை.

"ரெண்டு மூணாவது வெளிய வரும் அண்ணி. பெருசு ஒண்ணு இருக்கு, எப்பவும் சீக்கிரம் வரும். அது ஒண்ணு கை தூக்கினாப் போதும்."

"வராது. வந்தாலும் வழி தெரியாம நிக்கும். இப்பத்தான் அதுங்களுக்கு நம்பிக்கை வந்திருக்கு."

"நண்டுக்கு என்ன நம்பிக்கை?"

"தண்ணி சொன்ன நேரத்துக்கு வரும்கிற நம்பிக்கை. நாளைக்கு ஒரு தலைவருக்காக இறக்கினா, அடுத்த வாரம் மந்திரிக்காக இறக்கணும். அப்புறம் அது கடல் இல்ல, திரைச்சீலை."

"உங்களுக்கு முன்னால நேர்கோடு. இப்ப கோணக்கோடு." அவன் குரல் உயர்ந்தது. அண்ணியிடம் அவன் குரல் உயர்ந்ததில்லை. "கோடு எப்படி இருந்தாலும் உங்களுக்குச் சம்பளம் வரும். காக்கிச் சட்டை போடப்போறது நான்."

கணவன் நாடாவைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "டேய்."

"அவன் பேசட்டும்ங்க. சரியாத்தான் பேசறான்."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். அறைக்குள் போய்விட்டான்.

கணவன் தட்டுகளை எடுத்தான். "நேத்து வரைக்கும் அசையக்கூடாதுன்ன. இன்னைக்கு அசைஞ்சே ஆகணும்ங்கற. ரெண்டுலயும் நீ ஒரு இஞ்ச் அசையல." கோபமாகச் சொல்லவில்லை. துணியைத் தடவிப் பார்த்து விலை சொல்பவன் போலச் சொன்னான்.

காலையில் கொழுந்தனின் தட்டருகே அவள் ஒரு சாவியை வைத்தாள். கழிமுக வடிகாலின் கைச்சாவி. டைமரைத் தாண்டித் தண்ணீரை இறக்க அது ஒன்றுதான் வழி.

"உன் தொட்டி," என்றாள். "உன் வேலை. இறக்கணும்னு தோணினா இறக்கு. நான் தடுக்கமாட்டேன். மனசுலயும் வச்சுக்கமாட்டேன்."

அவன் சாவியைப் பார்த்தான். பேன்ட் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் பம்ப் அறைக்குப் போகவில்லை. போனால் பேனாவைப் பார்க்க வேண்டியிருக்கும். குளிர்நீர்த் தொட்டியின் மோட்டாரைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

கழிமுகத் தொட்டியில் தண்ணீர் நிறைந்து நின்றது.

கொழுந்தன் அதன் பக்கத்தில் நின்றான். ஒரு கை பையில். அந்தக் கை சாவியைப் பிடித்திருந்தது துணிக்கு மேலேயே தெரிந்தது.

தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி. உயரமான பெண்மணி, வெள்ளை முடி, கைத்தடி. அவர் முன்னால் யாரும் தேவையில்லாமல் பேசுவதில்லை. மேலாளர் பவளத் தொட்டியைக் காட்டினார், குளிர்நீர்த் தொட்டியைக் காட்டினார். முடிந்தவரை நேரத்தை இழுத்தார். பிறகு தாழ்வாரம் முடிந்துவிட்டது.

தலைவர் பழுப்புத் தண்ணீரைப் பார்த்தார். அலையாத்திக் கன்றுகளின் நுனி மட்டும் வெளியே நின்றது.

"இதுதானா அது?"

மேலாளர் இருமினார்.

"இதுதாங்க," என்றான் நண்டுக்காரன். "இப்ப தண்ணி நெறஞ்ச நேரம். நண்டு எல்லாம் கீழ வளைக்குள்ள இருக்கு. ஒன்றரைக்கு மேல தண்ணி வத்தும். அப்பத்தான் வெளிய வரும்."

"நான் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பணும்."

"அப்ப இன்னைக்கு உங்களுக்குப் பாக்கக் கிடைக்காதுங்க."

மேலாளர் கண்ணை மூடினார்.

"எனக்காகக் கொஞ்சம் முன்னாடி வத்த வைக்க முடியாதா?" என்று தலைவர் கேட்டார். குரலில் கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

அவன் பையிலிருந்து சாவியை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"முடியும். சாவி எங்கிட்டதான் இருக்கு. காலையிலேர்ந்து கையிலயே வச்சிருக்கேன். தண்ணி இறங்கும்ங்க, நண்டு வராது. எந்த நேரத்துக்கு வரணும்னு அதுங்க இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கு. அதைப் போய் நான் குழப்ப மாட்டேன்." அவன் விரல்களை மூடிக்கொண்டான். "நாளைக்குன்னா ரெண்டே காலுக்கு."

தலைவர் அவனைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். திரும்பி நடந்தார். கைத்தடியின் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

அவன் சாவியை அவளிடம் நீட்டினான். அவள் சாவியை வாங்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றரைக்குச் சேறு வெளியே வந்தது. நண்டுகள் வந்தன. இருவரும் பார்வையாளர்களோடு நின்று பார்த்தார்கள். இனி எத்தனை நாள் பார்க்கமுடியும் என்று தெரியாதவர்களாகப் பார்த்தார்கள்.

*

மறுநாள் காலையில் மேலாளர் பம்ப் அறைக்குப் போன் செய்தார்.

"தலைவர் கூப்பிட்டாங்க. ரெண்டே காலா, ரெண்டு பத்தான்னு கேக்கறாங்க."

"ரெண்டே கால்."

"உறுதியா?"

"சார்."

"சரி சரி."

தலைவர் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டதாகச் சொன்னார். யாரும் நாற்காலி போட வேண்டாம் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று கண்ணாடியை மொய்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்றார். கணவனும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தான், கழுத்தில் நாடாவோடு.

தண்ணீர் இறங்கியது. கன்றுகளின் தண்டு தெரிந்தது, வேர் தெரிந்தது, சேறு தெரிந்தது. விளக்கின் வெளிச்சம் கூடியது. ஒரு வாசலில் சேறு அசைந்தது. கதவு தள்ளப்பட்டது. கண் இரண்டு வெளியே வந்தன.

"சத்தம் போடாதீங்க," என்று ஒரு சிறுமி மற்றவர்களிடம் சத்தம் போட்டாள்.

சேறு முழுக்க நண்டுகள் வந்தன. பெரிய நண்டு நடுவில் நின்று கொடுக்கைத் தூக்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம். பிள்ளைகள் பதிலுக்குக் கையைத் தூக்கினார்கள். ஒரு பெண் நண்டு நடந்து போய் ஒன்றின் வாசலில் நின்றது. யோசித்தது. உள்ளே போனது. தையல்காரன் வாய்விட்டுச் சிரித்தான்.

நண்டுக்காரன் தலைவர் அருகில் போனான். ஒரு மூலையைக் காட்டினான். அங்கே இன்னொரு பெண் நண்டு, வயிற்றுக்கடியில் ஒரு கரும் கொத்தோடு.

"முட்டைங்க. காலையிலதான் பாத்தேன். அண்ணிகிட்டகூட இன்னும் சொல்லல. இங்க இதுவரைக்கும் வச்சதில்ல."

தலைவர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது மேலாளரைப் பார்த்தார்.

"பொம்மைக் கடைய வாசல்ல வச்சுக்குங்க," என்றார். "இங்க ஒரு பலகை வைங்க. இன்னைக்கு எத்தனை மணிக்குன்னு தினம் எழுதுங்க. மனுஷங்க அந்த நேரத்துக்கு வரட்டும்."

"எழுதிடலாம்," என்றார் மேலாளர். அவர் முகத்திலும் சந்தோஷம்தான். "நான்தான் முதல்லயே சொன்னேன், விருந்தாளின்னு."

தலைவர் நண்டுக்காரனிடம் திரும்பினார். "நீ நல்லா செஞ்சிருக்கே."

"நான் வெறும் சோறு போட்டவன்ங்க. இப்ப அதுவும் போடறதில்ல." அவன் கூட்டத்துக்குள் தேடினான். சாம்பல் சட்டையைக் கண்டுபிடித்தான். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "தண்ணி, வெயில், மழை, உப்பு எல்லாம் அவங்க. எங்க அண்ணி."

தலைகள் திரும்பின. பிள்ளைகளில் ஒருவன் போனை அவள் பக்கம் தூக்கினான். கணவன் நாடாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றான், போட்டோவில் தானும் விழுவது போல.

தலைவர் கையை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி நடந்தார். கூட்டம் விலகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மன்னிக்கணும்ங்க," என்றாள். "மழை பெய்யவேண்டிய நேரம்."

தலைவர் வழிவிட்டார்.